துண்டை எங்கே வெச்சுக்கறது

என் தம்பி பண்ணையார் வைக்கப்போருக்கு நெருப்பு வெச்சது நெசந்தான். இல்லேன்னு நான் சொல்லல. அப்போ அவனுக்குப் புத்தி பேதலிச்சிருந்தது. கோர்ட்டுல ஜெயில் வாணாம்னு பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. குணமானா உட்டுடுவோம்னாங்க. நானும் நம்பினேன், என் புத்தியை இன்னான்னு சொல்றது.

ஒரே வருசத்துல தெளிஞ்சுட்டான். ஆஸ்பத்திரித் தோட்டத்துல கத்திரிக்கா போட்டான், பக்கத்துப் படுக்கைக்காரனுக்குச் சோறு ஊட்டினான். நான் கொரட்டூர்லேர்ந்து ரயிலேறிப் போய், எப்போய்யா உடுவீங்கன்னு கேட்டா, யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்னாங்க. நான் ஏத்துக்கறேன்னேன். பொம்பளை செல்லாதாம். புருசனை இழுத்துக்கினு போனேன். ஊர் மணியக்காரர் ஆட்சேபணை இல்லேன்னு சொல்லணுமாம். ஏரிக்கரை பூரா அவர் பின்னாடியே நடந்தேன். பண்ணையார் கோவம் தணியாம அவர் வாயைத் தொறக்க மாட்டேன்னுட்டாரு. நடவுக்கு ஆள் கெடைக்காம திண்டாடின வருசந்தான் அந்தக் கோவம் தணிஞ்சுது. என் தம்பி வியாதியைவிட அது பெரிய வியாதி.

ஒருவழியா எல்லாம் கூடிவந்துது. யாரை உடலாம்னு முடிவு பண்ற பெரிய மனுசங்க வருசத்துக்கு ஒரு தபா வருவாங்க, நடுவுல வெள்ளைக்கார டாக்டர். ஊட்டுக்குப் போறியான்னு கேட்டாங்க. இந்தப் பாவி, பண்ணையார் முன்னாடி நாங்க நிக்கிற மாதிரியே துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கினு, கூனிக்கினு, "தொரை இஷ்டம்"ன்னான். சுயமா ஒரு ஆசைகூட இல்லாதவன், இன்னும் தெளியலன்னு சொல்லிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மண்டையில நறுக்குன்னு குட்டியிருப்பேன்.

அந்த வருசம் பூரா போய்ப் போய்ச் சொல்லிக் குடுத்தேன். நிமிர்ந்து நில்லுடா, துண்டைத் தோள்ல போடு, மூஞ்சியைப் பார்த்துப் பேசு. பொறந்ததுலேர்ந்து யாரும் அவனுக்குச் சொல்லாத சேதி. தட்டுத்தடுமாறிப் பழகிக்கினான்.

மறு வருசம் நானும் வாசப்படியில நின்னேன். தோள்ல துண்டோட, தொரை கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"நான் ஊட்டுக்குப் போணும்."

பக்கத்துல உக்காந்திருந்த மிராசுதார் ஒருத்தருக்கு மொகம் சுண்டிப்போச்சு. தொரை காதுல இன்னாவோ சொன்னாரு. மரியாதை தெரியல, பழைய வெறி இன்னும் உள்ளே கீது, அடுத்த வருசம் பார்த்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டதா கம்பவுண்டர் வந்து சொன்னாரு.

போங்கய்யா நீங்களும் உங்க வைத்தியமும்னு தலையில அடிச்சுக்கினு உள்ளே போனேன். அவன் அழல, கோவிச்சுக்கல. தோள்ல கெடந்த துண்டை எடுத்து என் கையில குடுத்தான்.

"அடுத்த தபா இதை எங்கேக்கா வெச்சுக்கறது?"