இருட்டறை வாசல்

பரிதாவின் கையெழுத்தைப் பார்க்கிறவர்கள் அச்சடித்ததா என்று கேட்பார்கள். அந்தக் கையெழுத்துதான் அவள் குடியைக் கெடுத்தது என்றால் யார் நம்பப் போகிறார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

தர்மபுரிக் கடைத்தெருவில் தகரப் பெட்டி செய்து விற்ற அப்துல் ரஷீதின் மூத்த மகள் அவள். எழுபதாம் வருஷம் பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்தபோது அந்த வகுப்பில் பெண் என்று இருந்தது அவள் ஒருத்தி. பொட்டப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் முறை வைத்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரஷீத் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மகளிடம் மட்டும் ஒரு கணக்குத் தீர்த்துச் சொன்னார்.

"ஒரே மூச்சுல பாஸ் பண்ணிடு. டீச்சர் படிப்புக்கு நானே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய்ச் சேக்கறேன். ஒண்ணு போச்சுன்னாலும் பொண்ணு கேட்டு வந்த கடத்தூர்க்காரங்களுக்கு வாக்குக் குடுத்துடுவேன். அப்புறம் அழுதுக்கிட்டு நிக்கக் கூடாது."

"சரிங்கத்தா" என்றாள் பரிதா. பாடம் என்றால் அவளுக்குப் பயமே கிடையாது. பயப்பட வேண்டியது வேறு பக்கம் இருந்ததே, அதுதான் தெரியவில்லை.

அவளோடு சேர்ந்து படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் சலாவுதீன், ஜவுளிக் கடைக்காரர் மகன், தூரத்துச் சொந்தம், அவளுக்கு அண்ணன் முறை. இன்னொருவன் மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து போன சென்னப்பன், நிலக்கடலை போடுகிற குடியானவர் வீட்டுப் பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ரஷீதின் கடையிலேயே உட்கார்ந்து படித்தார்கள். "என் கண்ணெதிர்ல படிங்க" என்பது அவர் உத்தரவு. அவர் தகரத்தை அடிக்க அடிக்க, அதற்கு மேலே குரலை உயர்த்தி இவர்கள் ஒளியையும் வெப்பத்தையும் பற்றிக் கத்த வேண்டும். சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் பரிதாதான். சென்னப்பனுக்குச் சூத்திரம் எதுவும் மண்டையில் ஏறாது. ஒரே கணக்கை அவள் சலிக்காமல் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாள்.

கல்லூரியில் செய்முறை வகுப்புக்கு மூவரும் ஒரே செட். ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. மஞ்சள் விளக்கின் ஒளியை ஸ்லிட் என்கிற ஒரு மெல்லிய பிளவு வழியாக விட்டு, அது முப்பட்டகத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று தொலைநோக்கியில் பார்த்து அளக்க வேண்டும். அதற்காகவே ஒரு சின்ன அறை. ஜன்னலை அடைத்து, வாசலில் கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். முதல் நாள் பரிதா திரையில் கை வைத்ததுமே சலாவுதீன் மறித்துக்கொண்டான்.

"நீ வெளியவே நில்லு பரிதா. இருட்டு ரூமு. நாளைக்கு எவனாவது ஒண்ணு சொன்னான்னா உங்கத்தா காதுக்குப் போயிடும்."

"உங்க கையெழுத்துக்கு நீங்க எழுதறதுதாங்க நல்லது" என்றான் சென்னப்பன். "நாங்க உள்ள இருந்து சொல்றோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர்கள் உள்ளே இருந்து "முப்பத்தெட்டு டிகிரி, பன்னெண்டு மினிட்டு" என்று கூவுவார்கள். அவள் வாசலில் வெளிச்சத்தில் நின்று எழுதுவாள், கணக்குப் போடுவாள், படம் வரைவாள். பிறகு மூன்று பேருடைய ரெக்கார்டு நோட்டையும் அவளே எழுதுவாள். இரண்டு பையன்களுக்கும் ரெக்கார்டுக்கு முழு மதிப்பெண். கரும்பு தின்னக் கூலியும் கிடைத்தால் வேண்டாம் என்பார்களா?

மூன்றாம் வருஷம் அவளுக்கே ஒருநாள் உறுத்தியது. "நானும் ஒரு தடவை பாத்துக்கறேனே" என்று கேட்டாள்.

"உங்களுக்கு இது வராதுங்க. பரீட்சையில பொண்ணுன்னு பாத்து ஈஸியா ஒண்ணு குடுத்துடுவாங்க" என்று சிரித்தான் சென்னப்பன்.

அவளும் விட்டுவிட்டாள். பார்ப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, கணக்கு தெரிந்தால் போதாதா என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்கு அவளைத் திட்டலாம், திட்டுகிறேன். ஆனால் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

செய்முறைத் தேர்வில் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ஆண், பெண் என்று சீட்டுக்குத் தெரியுமா? பரிதா பிரித்துப் பார்த்தாள். ஸ்பெக்ட்ரோமீட்டர்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள்; ஒரே இருட்டு. ஒரு திருகைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். எந்தத் திருகு எதற்கு என்று படம் வரைந்து பெயர் எழுதியவள் அவள்தான். விரலுக்கு அது தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கண்ணில் நீர் கட்டி, இருந்த கொஞ்ச வெளிச்சமும் கலங்கிப்போனது. கடைசியில் அவள் உட்கார்ந்து, தன் கை பழகியிருந்த அளவுகளையே வரிசையாக எழுதினாள். கணக்குப் போட்டாள். விடை கச்சிதமாக வந்தது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

"ஸ்லிட் மூடிக் கிடக்குதே. இதுல எப்படிம்மா அளவெடுத்தே?"

அவர் ரெக்கார்டு நோட்டுகளை வரவழைத்தார். மூன்று நோட்டு, ஒரே கையெழுத்து. அவர் கட்டிய முடிச்சு இப்படி இருந்தது: "பசங்க செஞ்சதைக் காப்பி அடிச்சே மூணு வருஷத்தை ஓட்டிட்டியா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா."

உதவாதுதான். அடுப்படிக்குள்ளேயே விடாமல் கறி வைக்கத் தெரியாதா என்று கேட்டால்? கல்லூரியின் சொந்த விரிவுரையாளர் பக்கத்தில்தான் நின்றார். தினமும் வாசலில் நின்று எழுதியவளைத் தாண்டித்தான் அவர் உள்ளே போய் வந்தார். அன்றைக்கு அவருக்கு வாயில் கொழுக்கட்டை.

முடிவு வந்தது. எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே அவள்தான் முதல். செய்முறையில் தோல்வி. சென்னப்பன் முதல் வகுப்பு, சலாவுதீனும் பாஸ்.

அக்டோபரில் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதினால் போதும்; அதற்கு ரஷீத் மனம் இறங்க வேண்டும். பரிதா உம்மாவோடு ஜவுளிக் கடைக்குப் போய், துணி பார்க்கிற சாக்கில் சலாவுதீனிடம் கேட்டாள். "அண்ணே, நான் சொன்னா அத்தா சாக்குன்னு நெனைக்கறாரு. என்னை உள்ளயே விடலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் துணியை மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "இருட்டு ரூமுன்னு வாயெடுத்தாலே போதும் பரிதா. உள்ள விட்டாங்களா இல்லையான்னு எவன் கேப்பான்? அங்க உங்க மூணு பேருக்கும் என்ன வேலைன்னுதான் கேப்பாங்க. எனக்கும் பொண்ணு பாத்துட்டு இருக்காங்க."

பேர் கெடக்கூடாது என்று அவளை வெளியே நிறுத்தினார்கள். வெளியே நிறுத்தியதைச் சொன்னாலும் பேர் கெட்டுவிடுமாம். இந்த நியாயம் எந்த ஊர் நியாயமோ!

ரஷீத் மகளைத் திட்டவில்லை. கடத்தூர்க்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்றார். கல்யாணத்துக்குத் தன் கையாலேயே பெரிய பெட்டியாக ஒன்று அடித்து, பூ எழுதி, "புஸ்தகத்தையும் உள்ள வெச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்கத்தா, எடத்தை அடைக்கும்" என்றாள் பரிதா.

கடத்தூரில் கணவருக்கு மளிகைக் கடை. இரண்டு பிள்ளைகள் பிறந்தன. கடையில் உட்காரும்போது தராசு முள்ளை அவளே குனிந்து பார்ப்பாள். கணவர் பார்த்துச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவருக்கு அது பெரிய கேலி.

பிளஸ் டூ வந்த புதிதில் ஒருநாள், சுருட்டிய சார்ட்டுத் தாளோடு சென்னப்பன் கடை வாசலில் வந்து நின்றான். எம்.எஸ்ஸி. முடித்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர்.

"பரிதாங்களா? அடையாளமே தெரியலைங்க. இன்ஸ்பெக்‌ஷன் வருதுங்க. ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனைய ஒரு சார்ட்டுல எழுதி லேபுல மாட்டணும். உங்க கையெழுத்து மாதிரி வருங்களா?"

"கருவி இருக்குதுங்களா உங்ககிட்ட?"

"புதுசு வந்திருக்குதுங்க."

"நான் வந்து ஒரு தடவை பாக்கலாங்களா?"

சென்னப்பன் பிடரியைத் தடவினான். "இருட்டு ரூமுங்க. பசங்க வேற இருப்பாங்க. உங்க வூட்டுக்காரரு என்ன நெனைப்பாரு?"

"அதானே" என்றார் கணவர் உள்ளேயிருந்து. "உனக்கு எதுக்கு அதெல்லாம்? சார் கேக்கறதை எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். கருவியின் படம், சூத்திரம், செய்முறை, அட்டவணைக் கோடுகள், எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தன. விரித்துப் பார்த்த சென்னப்பன் முகம் மட்டும் சுருங்கியது.

"அளவை எழுதாம விட்டுட்டீங்களேங்க. உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே."

"மனப்பாடந்தாங்க. கண்ணால பாத்தவங்க எழுதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்குப் பருப்பு நிறுக்கப் போனாள் பரிதா.