ஈர்க்கு அளவுப் பூச்சி

என் பச்சோந்திக் குட்டிக்கு நான் வைத்த முதல் விருந்தே கடைசி விருந்தாகியிருக்கும். வளரும் பிள்ளைக்குப் பெரிய துண்டாகப் போட வேண்டும் என்பது என் தட்டு விஷயத்தில் அம்மாவின் கொள்கை. நானும் அதையே கடைப்பிடித்து, என் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து நீட்டினேன். குட்டி நாக்கை வீசி இழுத்துக்கொண்டது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை. வெட்டுக்கிளியின் கால்கள் வாய்க்கு இரு பக்கமும் மீசை மாதிரி நிற்க, குட்டியின் கண்கள் ஆளுக்கொரு திசையில் உதவி தேடின. நான் அதை மெல்ல உருவி எடுப்பதற்குள் எனக்குத்தான் மூச்சு நின்றுபோயிற்று.

தலத்தெருவில் எங்கள் வீட்டுப் பின்வேலியிலிருந்து குட்டியைப் பிடித்துக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மண் நிரப்பிய தகர டின்னில் ஒரு கொய்யாக் கிளையை நட்டு, கொல்லையில் வைத்து அதில் குட்டியை ஏற்றிவிட்டிருந்தேன். காக்கைக்குப் பயந்து மேலே கோழி கவிழ்க்கும் பஞ்சாரம். ஓடிவிடும் என்ற பயம் கிடையாது. அது ஓரடி எடுத்து வைப்பதற்குள் எனக்குப் பசித்துவிடும்.

வெட்டுக்கிளி விபத்துக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி அதன் தொண்டையில் எதுவும் நிற்கக் கூடாது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து கவனித்ததில், தன் இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள இடத்தைவிடச் சிறிய பூச்சியைத்தான் அது சிரமமில்லாமல் விழுங்குகிறது என்று தெரிந்தது. ஒரு தென்னை ஈர்க்கை அந்த அகலத்துக்கு ஒடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வரப்பில் பிடிக்கும் ஒவ்வொரு பூச்சியும் ஈர்க்கோடு நின்று தேற வேண்டும். பாதி, அளக்கும்போதே பறந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்து அடி வாங்கியவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் மருந்து அடித்தார்கள். வரப்பில் பூச்சியே இல்லை. ஒன்றிரண்டு கிடைத்தாலும் மருந்து தின்ற பூச்சியைக் கொடுக்க மனம் வரவில்லை. குட்டி இரண்டு நாள் பட்டினி. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நிறம் மாற்றக்கூடத் தெம்பில்லாமல் சாம்பலாகவே உட்கார்ந்திருந்தது.

அதே வாரம் அப்பாவின் சைக்கிள் திருட்டுப் போனது, பால் திரிந்தது, கணக்குப் பரீட்சையில் நான் கோட்டை விட்டேன். அம்மா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். விடை பச்சோந்தி என்று வந்தது. "சனியன வீட்டுல வச்சுகிட்டா வேற என்னடா வரும்?" என்று, சனிக்கிழமை காலையில் என்னைத் திருநள்ளாற்றுக்கு இழுத்துப் போனாள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுக்குப் போட்டால் பிடித்தது விடும் என்று நம்பிக்கை. துணைக்கு மாமா. நான் சண்டை போடாமல் கிளம்பியது அம்மாவுக்கே ஆச்சரியம். திருநள்ளாற்றிலும் வயல் உண்டு என்பது என் கணக்கு. இந்தக் கணக்கு தப்பவில்லை.

மாமா எண்ணெய் வாங்கப் போன நேரத்தில் வரப்பில் இறங்கி, ஈர்க்கு அளவுக்கு வெட்டுக்கிளிக் குஞ்சுகளாகப் பிடித்து, கொண்டுவந்திருந்த காலித் தைலப் புட்டியில் போட்டு மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். மூடியில் ஓட்டை போட மறந்துவிட்டேன். மறதிக்கும் ஒரு பயன் உண்டு, தண்ணீர் புகாது.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். முழுக்குப் போட்டதும், உடுத்தியிருந்த துணியைக் குளத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டுமாம். மூன்றாவது முழுக்கில் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் சட்டையை உருவித் தண்ணீரில் விட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் பாய்ந்தேன். நூறு துணிகள் மிதந்துகொண்டிருந்த தண்ணீரில் என் நீலச் சட்டையை எட்டிப் பிடித்து, வெற்றியோடு படியேறினேன்.

"யாரு ஊட்டுப் புள்ளங்க இது? விட்டத அள்ளிகிட்டு வருது பாருங்க" என்றார் படியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

பையைத் துழாவினேன். புட்டி இல்லை. விரித்துப் பார்த்தால், சட்டைக்குள் என்னைப் போல் மூன்று பேர் நுழையலாம். யாரோ ஒரு தொந்திக்காரரின் சட்டை.

மாமா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "நம்ம சனி பத்தாதுன்னு அடுத்தவங்க சனியையும் புடிச்சாந்துட்டான்க்கா."

எனக்கு மறுபடியும் எண்ணெய், மறுபடியும் முழுக்கு. கரையில் துண்டோடு நின்று அழுதேன்.

"எதுக்குடா குதிச்ச?" என்றாள் அம்மா.

"ரெண்டு நாளா அது ஒண்ணும் திங்கலம்மா. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல எவ்ளோ எடமோ அவ்ளோ பூச்சிதான் திங்கும். பெருசு குடுத்தா தொண்டையில நின்னுரும். அளந்து புடிச்சு வச்சிருந்தேன்."

அம்மா முந்தானையை எடுத்தாள். தேவைக்கு மேல் அழுத்தித் தலையைத் துவட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் கொல்லைக்கு ஓடினேன். பஞ்சாரத்துக்குள் ஒரு கொட்டாங்கச்சி. அதில் கறுத்துப்போன வாழைப்பழத் தோல். மேலே கடுகளவு ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. குட்டி கொய்யாக் கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி, நிதானமாக ஒவ்வொன்றாக நாக்கை வீசிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அந்தக் கொட்டாங்கச்சியில் அழுகிய பழம் இல்லாத நாளே இல்லை. ஒரு சோற்றுப் பருக்கை தரையில் கிடந்தாலும் ஊரைக் கூட்டுகிற அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, முன்போல் குப்பையை ஒழுங்காகக் கொட்ட முடியவில்லை, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மாமாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.

மாமா என் தலையில் ஓங்கிக் குட்டினார். வலித்தது. எதற்கென்றுதான் புரியவில்லை.