கீழே உட்கார்ந்து கேட்க வேண்டியவள்

யோப்ஸ்ட் ராடமான் தேவாலயங்களுக்குக் கட்டிய குழல் ஆர்கன் ஒவ்வொன்றிலும், இழுத்து வாசிக்கும் குமிழ்களுக்கு நடுவே, குழலின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'தொடாதே' என்று எழுதிய குமிழ் ஒன்று இருக்கும். தொடாதே என்றால் மனிதன் தொடுவான். தொட்டு இழுத்தால் உள்ளிருந்து ஒரு நரிவால் சடாரென்று பாய்ந்து இழுத்தவன் மூக்கில் அடிக்கும். அதைத் திரும்ப உள்ளே திணிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். தேவாலயத்தில் இதெல்லாம் தேவையா என்று எந்தப் பாதிரியாராவது முறைத்தால், "ஏதேன் தோட்டத்துல கடவுள் செஞ்ச வேலைதானே ஐயா, அவர் பழம் வச்சார், நான் வால் வச்சேன்" என்பார். ஹார்ஸ் மலையடிவாரத்து ஊர்களில் அவருடைய குழல்களின் நாதத்தை விட இந்த வால்தான் பிரபலம்.

இல்சபே அவருக்குக் கிடைத்ததும் அந்த வாலால்தான். அப்போது அவள் ஒரு பாதிரியார் வீட்டு வேலைக்காரி. தேவாலயத்தின் பின்புறம் மேலே இருக்கும் ஆர்கன் மாடத்துக்குப் பட்டாணிக் கஞ்சி கொண்டுவந்தவள், யாரும் இல்லையென்று குமிழை இழுத்தாள். கஞ்சியில் பாதி தரையில், மீதி அவள் மேல்.

"யோவ், உள்ள யாருய்யா? நரி செத்துப்போயிடுச்சு, வாலுக்கு மட்டும் இன்னும் உசுரு இருக்கு!"

"விடாம பிடிச்சுக்க, வர்றேன்" என்று குழல்களுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. யோப்ஸ்ட் ஊர்ந்து வெளியே வருவதற்குள் அவள் வாலை ஒரே அமுக்கில் உள்ளே தள்ளிவிட்டு, மிச்சக் கஞ்சியை நீட்டினாள். இவ்வளவு வேகமாக அதை உள்ளே அனுப்பியவர் யாரும் கிடையாது. அந்த நிமிடமே முடிவு பண்ணிவிட்டேன் என்று பீர் குடித்தால் யோப்ஸ்ட் சொல்வார். குடிக்காவிட்டாலும் சொல்வார்.

கல்யாணத்துக்குப் பிறகு சுருதி சேர்க்கும் வேலைக்கு அவள்தான் துணை. ஒருவர் ஆர்கனின் வயிற்றுக்குள் குழல்களோடு குழலாக நிற்க வேண்டும். இன்னொருவர் வெளியே உட்கார்ந்து கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் குழலின் வாயைத் தட்டிக் கொட்டிச் சுருதி சரியானதும் "அடுத்தது!" என்று கத்துவார். அமுக்குபவர் அடுத்த கட்டைக்குப் போவார். நாள் முழுக்க இதேதான். ஊரில் அந்நேரம் கொல்லன் சம்மட்டியைத் தூக்கக்கூடாது. கோழிகளைக் கூடையால் மூடிவிட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மரப்பலகைக்கு இப்புறமும் அப்புறமும் இருந்துகொண்டு குடும்பம் நடத்தினார்கள். சண்டையும் அப்படித்தான். கோபம் வந்தால் இல்சபே கிறீச்சிடும் சின்னக் குழலின் கட்டையை விடாமல் அமுக்குவாள். அது உள்ளே அவர் காதை ஒட்டிக் கத்தும்.

"அடுத்தது! அடியே இல்சே, அடுத்ததுன்னேன்!"

"என்ன மேஸ்திரி, காதுல விழலியே. மன்னிப்பு கேட்டா விழும்."

இப்படி எத்தனையோ ஆர்கன்களின் அத்தனை குழல்களும் அவள் விரலுக்குத்தான் முதலில் பேசின. ஆனால் முழு ஆர்கன் பாடி அவள் கேட்டதே இல்லை. காரணம் வாத்து.

புது ஆர்கனின் பிரதிஷ்டை நாள் என்றால் விருந்து. விருந்து என்றால் வாத்து வறுவல். அதை வறுப்பது பாதிரியார் வீட்டுப் பெண்களும் ஆர்கன் மேஸ்திரியின் பெண்டாட்டியும். மேலே முதன்முதலாக ஆர்கன் முழங்கும்போது கீழ்த்தெரு அடுப்படியில் இல்சபே வாத்துக்கு நெய் ஊற்றிக்கொண்டிருப்பாள். மறுநாள் சாமான்களை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் குடியிருந்த ஊர்த் தேவாலயத்திலோ ஆர்கனே கிடையாது. அங்கே வாத்தியார் கட்டைக் குரலில் தொடங்குவார், சனம் இழுத்துக்கொண்டு பின்னால் போகும்.

"நூலு நூலா எல்லாத்தையும் பாத்துட்டேன், மேஸ்திரி. துணியா ஒரு தடவைகூடப் பாக்கல" என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். யோப்ஸ்டுக்கு அது தொண்டையில் முள் மாதிரி நின்றுவிட்டது.

அப்போது அவர்கள் வென்னர்ஸ்லேபனில் பெரிய ஆர்கன் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டியதிலேயே பெரியது. இல்சபேக்கு இரண்டு குளிர்காலமாக இருமல். கட்டையை அமுக்கியபடியே இருமுவாள். இருமல் நிற்கும்வரை உள்ளே அவர் சுத்தியலைத் தூக்காமல் காத்திருப்பார். இருமலுக்கும் சேர்த்துச் சுருதி வைத்துவிடாதே என்று அவள் கிண்டலடிப்பாள்.

"இந்தத் தடவை வாத்து கிடையாது" என்றார் யோப்ஸ்ட். "பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். நீ பொம்பளைங்க வரிசையில கீழ உக்காந்து முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கேக்கணும்."

"தூங்கிட்டா?"

"எழுப்பிவிட பெரிய குழல் இருக்கு."

பிரதிஷ்டைக்கு நகரத்திலிருந்து ஸ்ட்ரூவே என்ற பெரிய வாத்தியக்காரர் பரிசோதகராக வந்தார். பொய்முடி தோள்வரை தொங்கியது. ஆர்கன் சரி என்று அவர் எழுதித் தந்தால்தான் அது சரி. அந்தப் பக்கத்து வழக்கப்படி அன்று காலை மேஸ்திரி மாடத்தின் சாவியை ஊராரிடம் கொடுத்துவிடுவார். அதன் பிறகு அவர் மாடம் ஏறக்கூடாது. மகளைக் கட்டிக்கொடுத்த அப்பன் மாதிரி முன்வரிசையில், பரிசோதகர் பக்கத்தில், தலையில் இலைமாலையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இல்சபே பின்னால், மாடத்துக்கு நேர் கீழே இருந்தாள். புது நாடா தைத்த குல்லாவோடு. யோப்ஸ்ட் உட்காருமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்துக் காட்டினாள்.

ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்தியை மிதிக்கும் குர்ட் மேலே ஏறி மிதித்தான். ஊர் ஆர்கன்காரர் போலே கையை வைத்தார். முதல் ஞானப்பாட்டின் முதல் வரி எழுந்தபோது கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யோப்ஸ்ட் பொதுவாக அழுகிறவர் அல்ல. அன்று மூக்கைச் சிந்தினார்.

இரண்டாவது பாட்டில் அது நடந்தது. வரி முடிந்து எல்லாக் குழலும் ஓய வேண்டிய இடத்தில் ஒரு குழல் மட்டும் ஓயாமல் ஊளையிட்டது. கட்டையிலிருந்து கை எடுத்தாயிற்று. அது நிற்கவில்லை. சனம் நிமிர்ந்து பார்த்தது. போலே சமாளித்து அடுத்த வரிக்குப் போனார். ஊளையும் கூடவே வந்தது.

ஸ்ட்ரூவே தலையைத் திருப்பாமல் கேட்டார்: "ராடமான், இதுவும் நரிதானா?"

யோப்ஸ்டுக்கு இலைமாலைக்குள் வேர்த்துக் கொட்டியது. எழுந்து ஓடவும் முடியாது, உட்கார்ந்திருக்கவும் முடியாது. ஒரு சரணம் முழுக்க அந்த ஊளை அவர் முதுகைப் பிறாண்டியது. பிறகு, சட்டென்று நின்றது. அதன் பின் கடைசிப் பாட்டு வரை ஒரு குறையும் இல்லை. அந்தக் குழலும் தன் முறை வரும்போதெல்லாம் ஒழுங்காகப் பாடி ஒழுங்காக ஓய்ந்தது.

"ஏதோ மரத்தூள் மாட்டியிருக்கும். தானே விலகிடுச்சு" என்றார் யோப்ஸ்ட், உயிர் திரும்பி வந்தவராக. ஸ்ட்ரூவே தலையசைத்தார். எழுதியும் கொடுத்தார்.

வாசலில் இல்சபே நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. ஒரு கை இடுப்பில் கட்டிய முன்துணிக்குள் இருந்தது.

"எப்படிடி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் நீளம்."

"அவ்வளவுதானா?"

"பின்ன என்ன, சிலுவைப்பாடா, அழுறதுக்கு? நல்லாருந்துச்சு மேஸ்திரி. நெசமா."

அவள் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, பெஞ்சைக்கூடத் துடைக்காத ஊர் என்று யோப்ஸ்ட் திட்டினார். குல்லாவில் ஒரு பக்க நாடா இல்லை. அவர் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் பீர்க்கடையில், என் ஆர்கன் வெட்கம் கெட்ட ஆர்கன் இல்லை, தப்புப் பண்ணினால் தானே திருந்திக்கொள்ளும் என்று மேசையைத் தட்டிப் பேசினார். அந்தப் பேச்சு பக்கத்து ஊர்கள் வரைக்கும் போனது. தானே திருந்தும் ஆர்கன். பாதிரியார்கள் அதைப் பிரசங்கத்தில்கூடச் சேர்த்துக்கொண்டார்கள்.

இல்சபே அன்று இரவு படுத்தவள், வீடு திரும்பியும் சரியாக எழுந்திருக்கவே இல்லை. இருமலில் ரத்தம் வந்தது. யோப்ஸ்ட் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் குடித்ததும் மரியாதைக்குத்தான். ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்த அவள் கட்டைவிரலில் ஆழமாக வெட்டுப்பட்டுக் கறுத்திருந்ததைப் பார்த்தார்.

"என்ன இது?"

"வாத்து."

"இந்தத் தடவைதான் வாத்தே கிடையாதே."

"அந்தக் கோவத்துலதான் கடிச்சிருச்சு."

வென்னர்ஸ்லேபனிலிருந்து போலே ஆள் அனுப்பியிருந்தார். நடுவில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது, அமுக்கினால் சத்தம் வரவில்லை, வந்து பார்க்க வேண்டும் என்று. யோப்ஸ்ட் அவளை விட்டுப் போக மனமில்லாமல் இழுத்தடித்தார்.

"கிடக்கட்டும் விடு" என்றாள் இல்சபே. "அதுக்கும் களைப்பா இருக்கும்."

பனி உருகுமுன் அவளைப் புதைத்தார்கள். வாத்தியார் கட்டைக் குரலில் தொடங்கினார், சனம் இழுத்துக்கொண்டு பின்னால் போனது. யோப்ஸ்ட் பாடவில்லை.

மண் இளகியதும், வேறு எதுவும் செய்யத் தோன்றாததால், வென்னர்ஸ்லேபனுக்குப் போனார். போலே கட்டை முன்னால் உட்கார்ந்தார். குர்ட் துருத்தியில் ஏறினான். யோப்ஸ்ட் குழல்கள் நிற்கும் காற்றுப்பெட்டியின் அடியில், கம்பிகள் தொங்கும் இடுக்கில் நுழைந்தார். ஒரு ஆள் குனிந்துதான் நிற்க முடியும்.

ஊமைக் கட்டையின் கம்பிக்கு அடியில் ஏதோ செருகியிருந்தது. ஒரு மரச்சில்லு. நழுவாமலிருக்க அதில் துணி சுற்றியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புது நாடா.

பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு குழலுக்கும் உள்ளே தோல் ஒட்டிய சின்ன மூடி ஒன்று உண்டு. கட்டையை அமுக்கினால் கம்பி மூடியைக் கீழே இழுக்கும், காற்று குழலுக்குப் போகும். கையை எடுத்தால் ஒரு பித்தளை ஸ்பிரிங் மூடியை மேலே தள்ளி அடைக்கும். இந்த மூடியின் ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கிடந்தது. உடைந்தால் மூடி தொங்கிவிடும், குழல் ஊளையிடும். சில்லைச் செருகினால் மூடி ஒரேயடியாக அடைபட்டு, குழல் ஊமையாகும். ஊளை, இல்லாவிட்டால் ஊமை. மூன்றாவது வழி கிடையாது.

ஆனால் அன்று அந்தக் குழல் பாடியது. பாட வேண்டிய இடத்தில் பாடி, ஓய வேண்டிய இடத்தில் ஓய்ந்தது. அவரே தன் காதால் கேட்டார்.

யோப்ஸ்ட் அந்த இடுக்கிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேஸ்திரி, என்ன கோளாறு?" என்றார் போலே வெளியிலிருந்து. "அன்னைக்கே சொல்ல நெனச்சேன், அந்தக் கட்டை மட்டும் கொஞ்சம் தாமதமா மேல வந்துச்சு. யாரோ யோசிச்சு யோசிச்சுத் தள்ளுற மாதிரி."

யோப்ஸ்ட் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார்.

ஊளை கேட்டதும் பின்வரிசையிலிருந்து யாரும் பார்க்காமல் மாடம் ஏறி வந்தவள், சில்லைச் செருகிவிட்டு உடனே கீழே போயிருக்கலாம். பாதிப் பிரதிஷ்டையாவது மிச்சம் இருந்தது. ஆனால் ஒரு குழல் ஊமையானால் ஸ்ட்ரூவேயின் காது விடாது. அதனால் இங்கே நின்றிருக்கிறாள், குனிந்து, இருமலை விழுங்கிக்கொண்டு, கட்டைவிரலைக் கம்பிக்கு அடியில் கொடுத்து. எல்லாம் முடிந்த பிறகுதான் நாடாவைப் பிய்த்துச் சில்லில் சுற்றியிருக்கிறாள். தானே திருந்தும் ஆர்கன் என்று அவர் மேசையைத் தட்டிய பீர்க்கடையில் அவளும்தான் இருந்தாள். சிரித்துக்கொண்டு இருந்தாள்.

"குர்ட், மிதி" என்றார் யோப்ஸ்ட். "போலே, பிரதிஷ்டை அன்னைக்கு வாசிச்ச கடைசிப் பாட்டை வாசிங்க. முழுசா."

"ஸ்பிரிங் போட்டாச்சா?"

"வாசிங்க."

பெட்டியை மூடி, கட்டைவிரலைக் கம்பிக்கு அடியில் வைத்துத் தள்ளினார். மேலே மூடி அடைபட்டது. போலே தொடங்கினார்.

யோப்ஸ்ட் வாழ்நாளெல்லாம் ஆர்கனுக்குள் நின்றவர்தான். ஆனால் ஒவ்வொரு குழலாகப் பேசும்போது மட்டும். முழு ஆர்கன் பாடும்போது அந்த இடுக்கில் நின்றதில்லை. அங்கே பாட்டு இல்லை. மரக்குச்சிகள் சடசடத்தன. கம்பிகள் உரசின. துருத்தி முனகியது, குர்ட்டின் கால்கள் தொம்தொம்மென்று இறங்கின. தலைக்கு மேல், பாலத்தில் பாரவண்டி போவதுபோல் ஓர் இரைச்சல். நாதம் முழுக்க முன்பக்கமாக, பெஞ்சுகளைப் பார்த்துப் போய்விட்டது. நடுநடுவே விரலின் மேல் கம்பி மட்டும் வெடுக்கென்று இழுத்தது. விட்டுக்கொடுத்தார். தள்ளினார். மறுபடி இழுத்தது.

மூன்றாவது சரணத்தில் தோல் கிழிந்தது.

பாட்டு முடிந்தது. துருத்தி இறங்கியது. போலே பெஞ்சில் திரும்பி உட்காரும் சத்தம் கேட்டது.

"மேஸ்திரி? சரியா இருக்கா?"

"இன்னொரு தடவை வாசிங்க" என்றார் யோப்ஸ்ட். விரலை எடுக்கவில்லை.