பதினொரு மணிப் பாவு

1918 ஐப்பசியில் விஷக் காய்ச்சல் காஞ்சிபுரத்தை வாரிக்கொண்டு போனபோது, முனிசிபாலிடி போட்ட ஓலைக் கொட்டகையில் நோயாளிகளைக் கவனித்தவர்கள் ஆறே பேர். அவர்களுள் ஒருத்தி அன்னம்மாள். ஓரிக்கையில் பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, பெரியவளான பின் மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றவள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய இடத்தில் அவள் பாயை உதறி விரித்தாள்.

அந்த ஆறு பேருக்கும் ஊர்ப் பெரியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு நன்றி தெரிவித்தார்கள். நோட்டீஸும் அச்சடித்துக் கொடுத்தார்கள். "எம் இல்லந்தோறும் எழுந்தருளும் கருணைத் தெய்வங்கள்" என்று அதில் இருந்தது. கையொப்பமிட்டவர்களில் மூன்றாமவர், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தணிகாசலம்.

மறுநாளே அந்தத் தெய்வம் தணிகாசலத்தின் தெருவுக்கு எழுந்தருளியது. அங்கிருந்து பிரியும் முட்டுச்சந்தின் கடைசி வீட்டில், பிள்ளை பெற்றுப் பன்னிரண்டே நாளான ஏலவார்குழலி காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். சந்துக்கு வேறு வழி கிடையாது. அதன் வாயை அடைத்தாற்போல, தெருவோரமாக, இடுப்பு உயரத்தில், தறியில் ஏற்றுவதற்கான நீள இழைகளின் வரிசையாக, அரக்கு நிறப் பட்டுப் பாவு ஒன்று நீட்டிக் கட்டப்பட்டிருந்தது.

"பாவு போட்டுக்கிறோம்மா. இழை அறுந்துபோச்சுன்னா யாரு பதில் சொல்றது? சாயங்காலமா வா" என்றார் தணிகாசலம்.

பிறர் தொழிலை மதிப்பவளான அன்னம்மாள் திரும்பிவிட்டாள். சாயங்காலம் வந்தபோதும் பாவு இருந்தது. கொட்டகைக் குறிப்பேட்டில் எழுதினாள்: திங்கள், பதினொரு மணி, அரக்குப் பாவு. செவ்வாய், பதினொரு மணி, அதே அரக்குப் பாவு. செவ்வாயன்று எழுதி முடித்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பட்டுப் பாவை விடியலில் நீட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். அந்தத் தெருவில் தவழும் குழந்தைக்குக்கூட இது தெரியும். தான் ஏமாந்த இரண்டு நாளும் ஏலவார்குழலியின் உயிரிலிருந்து கழிந்த நாட்கள் என்று நினைத்தபோது அவள் உடம்பு எரிந்தது.

புதன்கிழமை, மருந்துப் புட்டியோடு நோட்டீஸையும் கொண்டுபோனாள். தணிகாசலத்தின் எதிரில் நின்று, ஓரெழுத்து விடாமல் உரக்க வாசித்தாள்.

"இது யாரு கையெழுத்துங்க?"

"என்துதான். அதுக்கு இன்னா இப்போ? நன்றி வேற, தீட்டு வேற. சேரிப் பொம்பளை நெசவுத் தெருவுல பூந்து போறதுன்னா..."

"கொட்டாயில உங்க தம்பி வாந்திய இந்தக் கையாலதான் வாரினேன். அன்னிக்கு யாரும் தீட்டுன்னு சொல்லலியே. சரி, நெசவுத் தெருதானே, நீங்களே சொல்லுங்க. உச்சி வெயில்ல எந்த நெசவுக்காரரு பட்டுப் பாவு நீட்டுவாரு?"

எதிர்வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்த காமாட்சியம்மாள் ராட்டையை நிறுத்தினாள்.

"நானும் மூணு நாளா பாத்துக்கினுதான் இருக்கேன். ஏம்பா தணிகாசலம், அது பாவா, அப்பளமா? நல்லாத் திருப்பிப் போடு, மறுபக்கமும் காயட்டும்!"

தெருவே சிரித்தது. சந்தின் உள்ளிருந்து, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏலவார்குழலியின் கணவன் மாணிக்கவாசகம் ஓடிவந்தான். "அம்மா, நாக்கு இழுத்துக்கினுச்சு. தண்ணி கூட இறங்கல. வாம்மா!"

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. "போறதுன்னா குனிஞ்சு போ. நூல்ல படாம போ."

அன்னம்மாள் குனிந்தாள். பாவுக்கடியில் முதுகை வளைத்துக்கொண்டு நுழைந்தாள்.

ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் இருந்தாள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, பல்லை விலக்கி மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். ஏலவார்குழலி கண் திறந்து குழந்தையைக் கேட்ட பிறகே வெளியே வந்தாள்.

பாவு அப்படியே இருந்தது. அவள் அதன் முன் நின்றாள்.

"இன்னா நிக்கிற? வந்தாப்பல குனிஞ்சு போ" என்றார் தணிகாசலம்.

"போறப்போ ஏலவார்குழலிக்காகக் குனிஞ்சேன். இப்போ யாருக்காகங்க குனியணும்? சுருட்டுங்க. நிக்கிறேன்."

"நில்லு, எவ்ளோ நேரம் நிக்கிறேன்னு பாக்கறேன்."

அவள் நின்றாள். மாணிக்கவாசகம் குழந்தையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான். காமாட்சியம்மாள் ராட்டையை விட்டு எழுந்துவந்து எதிர்ப்புறம் நின்றாள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வெளிவந்தார்கள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. வெயிலில் மொடமொடத்துப்போன பட்டில் இரண்டு இழைகள் தாமாகவே அறுந்து தொங்கின.

தணிகாசலம் பாவு கட்டியிருந்த முளையைப் பிடுங்கினார். சந்தின் வாய் திறந்தது. ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் கிடைத்தும் அன்னம்மாள் அசையவில்லை. கடைசி முழம்வரை சுருண்டு, பாவு முழுவதும் அவர் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தபடியே தெருவுக்குள் காலெடுத்து வைத்தாள்.

"நாளைக்கும் பதினொரு மணிக்கு வருவேன்" என்றாள்.