கிராதிக்கு அந்தப் பக்கம்

கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே இருந்த அந்தக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குள் இடுப்பளவு உயரத்தில் மரக் கிராதி ஒன்று குறுக்கே ஓடியது. பீடத்துப் பக்கம் ஊர்க்காரர்கள், வாசல் பக்கம் சேரிக்காரர்கள். ஊர்க்காரர்கள் நன்மை அப்பம் வாங்கி முடித்த பிறகுதான் சாமியார் கிராதியோரம் வருவார். சேரியில் பிறந்த இருதயமேரிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

1937 கோடையில் அவள் புருஷன் சவுரிராயன், கோயிலுக்குக் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனான். சவப்பெட்டியை வாசலோரம் இறக்கச் சொன்னார், சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் ராயப்பன்.

"கோயில் வேலையில செத்தவருங்க. பீடத்துக்கு முன்னால வைங்க" என்றாள் இருதயமேரி.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குது. தகராறு பண்ணிக்கினு நிக்காத."

பெட்டி வாசலோரமே இறங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிராதிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் முன்வரிசையில் முழங்கால் போட்டாள். ஊர்க்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள். பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டார். நல்லவர், ஆனால் சண்டைக்குப் பயந்தவர்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா."

"பொறுத்துக்கினுதான் இருந்தேன் சாமி. அவரைப் பொதைச்சாச்சு."

அதோடு ஊரில் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வானூர்ப் பக்கம் நடந்து போய்க் கூலி வேலை செய்து, மகள் பொன்னிக்குக் கேப்பைக் கூழ் ஊற்றினாள். ஞாயிறு தவறாமல் முன்வரிசைக்குப் போனாள். ஒருமுறை இரண்டு ஆட்கள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். முழங்கைத் தோல் கிழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, பிரசங்கம் முடிவதற்குள் திரும்ப உள்ளே வந்துவிட்டாள்.

"உன்னால எங்க பொழப்பும் போயிடும் அண்ணி" என்றாள் நாத்தனார் அருளாயி.

"நீ கூட வர வேணாம். என்னைத் தடுக்காம இரு."

மறுவருஷம் அருளாயியே வந்து பக்கத்தில் முழங்கால் போட்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் வந்தார்கள். அந்த ஐப்பசியில், கிராதி இருக்கும்வரை மல்லாட்டை பிடுங்க வரமாட்டோம் என்று சேரிப் பெண்கள் அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. மண்ணுக்குள்ளேயே கடலை முளைவிட ஆரம்பித்தது. நிலக்காரர்கள் சாமியாரிடம் ஓடினார்கள்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் கிராதி இல்லை. தரையில் குழிகள் மட்டும் இருந்தன. ஊர்க்காரர்களில் சிலர் அதன்பின் அந்தக் கோயிலை மிதிக்கவே இல்லை, ராயப்பன் உட்பட.

1946இல் பொன்னியின் கல்யாணம் பீடத்துக்கு முன்னால் நடந்தது. ஊரிலிருந்து கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். வராதவர்களைப் பற்றி இருதயமேரி யாரிடமும் கேட்கவில்லை. வந்தவர்களுக்குச் சோறு போட இலை எடுக்கப் போய்விட்டாள்.