வாயைத் திறக்காத இரண்டு நாட்கள்

என் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டது நான் அல்ல, எங்கள் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கும் பெண். பாட்டின் உச்சத்துக்கு ஏறும்போது என் தொண்டைக்குப் பக்கத்தில் ஏதோ ஏறி இறங்குகிறது என்றாள். எச்சில் விழுங்கினால் எல்லாருக்கும்தான் ஏறி இறங்கும், நீ சுரத்தைப் பார்த்து வாசி என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். பாக்கு அளவில் ஒன்று மேலே போய், திரும்பக் கீழே வந்தது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். வேலை கொள்ளுப்பிட்டியில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில். வருஷத்துக்குக் கிடைக்கும் லீவில் பெரும்பகுதி தேவாலயத்தில் நடக்கும் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு அரை நாள் அரை நாளாகக் கரைந்துபோகும். இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ்ப் பூசையில் சரணத்தை நான்தான் மைக்கில் பாடினேன். பல்லவி சனங்களுக்கு, சரணம் எனக்கு. சனங்கள் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், மருதானைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வரும் சைவ ஆட்கள், எல்லாரும் வாசலில் காவலருக்குக் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்து பாடுவார்கள்.

ஆளுக்கொரு பாட்டு வைத்திருப்பார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவருக்குக் கடலைப் பற்றிய பாட்டு. கடலில் நடந்த கர்த்தர் மேல் அவருக்கு அவ்வளவு பக்தியா என்று ஒருநாள் கேட்டேன். அப்படி இல்லை, அந்தப் பாட்டில் மூச்சு விட நிறைய இடம் இருக்கிறது என்றார், அவருக்கு ஆஸ்துமா. மீன் விற்கும் ஒரு பெண்மணிக்குத் திருப்பலி முடிவுப் பாட்டு மட்டும் போதும், மற்றவை வாயில் நுழையாது. நான் இவற்றைக் கேட்டுச் சிரிப்பேன். என்னைக் கேட்டால் பாட்டு என்பது சுருதி, தாளம், உச்சரிப்பு. சனங்கள் பிழையாகப் பாடினால் மைக்குக்கு முன்னால் நின்றே முறைப்பேன். பாடத் தெரிந்தவள் என்கிற திமிர் எனக்கு நிறைய இருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

கிளினிக்கில் என்னைப் பார்த்த சத்திர சிகிச்சை டாக்டர் சிங்களவர். பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் பொறுமையாகச் சொன்னார். கட்டி தைரொயிட்டில் இருக்கிறது, எடுத்தால்தான் என்னவென்று தெரியும். அந்தச் சுரப்பியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு குரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. மிகக் கவனமாகத்தான் செய்வோம், என்றாலும் சில பேருக்குக் குரல் மாறலாம், பெரும்பாலும் திரும்ப வரும் என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கிளார்க் என்றேன். பாடுகிறவள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவருடைய முகம் மாறும், அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

புற்றுநோயாக இருக்குமோ என்று என் கணவர் பயந்தார். நான் அதற்குப் பயந்ததை விடக் குரலுக்குத்தான் அதிகம் பயந்தேன். இதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், என் கனம் கழுத்தில் இருந்தது. பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் ஏழு சுரத்தையும் ஒருமுறை பாடிப் பார்த்துக்கொள்வேன். ஆபீஸில் லிஃப்ட்டுக்குள் தனியாக இருந்தால் ஒரு உச்சம். இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று மனம் சொல்லும்.

ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பாடகர் குழு முழுதும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து நின்றது. நான்காம் மாடிக்குக் கிட்டாரும் தூக்கிக்கொண்டு ஏறி வந்திருந்தார்கள். மூச்சு வாங்க வரிசையாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மாதாவிடம் கைபிடித்துக் கரை சேர்க்கக் கேட்கும் பாட்டை எடுத்தார்கள். 

அது அவஸ்தைப் பாட்டு. பங்குச் சுவாமியார் சாகக் கிடக்கிறவருக்கு எண்ணெய் பூசப் போகும்போது நாலு பேர் கூடப் போய்ப் பாடுகிற பாட்டு. அந்த வழக்கத்தைத் தொடக்கிவைத்ததே நான்தான். நோயாளி வீட்டுக்குப் போனால் இந்தப் பாட்டு என்று நான் ஒருகாலத்தில் சுருக்கமாகச் சொல்லிவைத்ததை இந்தப் பிள்ளைகள் வேதவாக்காக எடுத்திருக்கிறார்கள். எந்த நோயாளி என்று சொல்லிக் கொடுக்க மறந்தது என் பிழை. நாலு குரலிலும் அவ்வளவு சுத்தமாகப் பாடினார்கள், ஒரு இடத்திலும் பிசகவில்லை. என் கணவர் குசினி வாசலில் பிளேன்டீ தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். இந்தப் பாட்டை அவருடைய அப்பாவின் கட்டிலருகே நான் பாடியிருக்கிறேன், அன்று அஸ்தமிக்க முன்னம் அவர் போய்விட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் நன்றாக இருந்தது என்று சொல்லி, எல்லாருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, குளியலறைக்குள் போய் ஏழு சுரத்தையும் இரண்டு முறை பாடிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஒப்பரேஷன் நடந்தது. கண் விழித்தபோது கழுத்தில் துணிக்கட்டும், பக்கத்தில் ஒரு குழாயும் இருந்தன. டாக்டர் குனிந்து, ஏதாவது சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். நான் தொண்டையைக் காட்டி நோகிறது என்று கையசைத்தேன். நோ இருந்தது உண்மை. ஆனால் அதற்காக அல்ல நான் பேசாமல் இருந்தது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். திறக்காத வரைக்கும் என் குரல் எங்கேயும் போகவில்லை.

அன்று முழுதும் வாயைத் திறக்கவில்லை. கணவர் ஒரு கொப்பி வாங்கி வந்தார், அதில் எழுதிக் காட்டினேன். தண்ணீர். தலையணை. வீட்டுச் சாவி எங்கே. அவர் என் கையெழுத்தைப் பார்த்து, பிறகு என் கழுத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனார். நரம்பு போய்விட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த மனிதரை ஒரு சொல்லால் ஆற்றியிருக்கலாம். செய்யவில்லை. பயம் வந்தால் மனிதர்கள் எவ்வளவு கெட்டவர்களாகிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நவநாள் நேரம் வந்தது. வார்ட் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது வருகைப் பாட்டு, இப்போது முதல் சரணம். யார் மைக்கைப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். நன்றாகப் பாடிவிடுவார்களோ என்றும் பயந்தேன், சொதப்பிவிடுவார்களோ என்றும் பயந்தேன்.

அன்று பின்னேரம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. வெள்ளவத்தையில் இருக்கிறவள், வங்கியில் வேலை. அவளுக்கும் அதே கழுத்து, அதே கட்டி, அடுத்த நாள் காலை ஒப்பரேஷன். என்னை உற்றுப் பார்த்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, நீங்கள்தானே செவ்வாய்க்கிழமையில மைக்கில பாடுறனீங்கள்?”

தலையாட்டினேன். எப்படி இருக்கிறது, நோகிறதா, கதைக்க முடிகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுடைய கண் பெரிதானதைக் கண்டேன். என் மௌனம் இன்னொரு ஆளையும் பயமுறுத்துகிறது என்று விளங்கியும் பேசாமல்தான் கிடந்தேன்.

அவள் ஆறு வருஷமாக நவநாளுக்கு வருகிறாளாம். கோயிலுக்கும் போவாள், இதற்கும் வருவாள். அவளுடைய கணவன் இறந்த பிறகு ஆபீஸில் அழ முடியாது, வீட்டில் பிள்ளைக்கு முன்னால் அழ முடியாது. பல்லவி வரும்போது வாயைத் திறந்து அழுவாளாம். பாடுகிறாள் என்று எல்லாரும் நினைப்பார்களாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். சுருதி சேராமல் கத்துகிறவர்களை இருபத்திரண்டு வருஷமாக மைக்குக்கு முன்னால் நின்று முறைத்தவள் நான். 

புதன்கிழமை காலை அவளுக்குப் பச்சை உடுப்புப் போட்டு ட்ரொலியில் ஏற்றினார்கள். தள்ளிக்கொண்டு போகிறவர் படிவத்தில் இன்னொரு கையெழுத்துக்காகக் கொஞ்சம் நின்றார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு நவநாள் பல்லவியைப் பாடத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முழுதும் விடுகிற அதே பிழையோடு பாடினாள். கடைசி அடியில் ஒரு சுரம் இறங்கி நின்றுவிட்டுத்தான் ஏற வேண்டும். சனங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது, நேரே ஏறிவிடுவார்கள். அவளும் ஏறினாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் யோசிக்கவே இல்லை.

“அதில ஏறக் கூடாது. இறங்கித்தான் ஏறணும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் கேட்டேன். அது என் குரல் அல்ல. தகரத்தை நிலத்தில் இழுத்தது போல, பாதி காற்றும் பாதி சத்தமுமாக வந்தது.  இரண்டு நாளாக நான் எதைக் கேட்கப் பயந்தேனோ அது வார்ட் முழுதும் கேட்டுவிட்டது. ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதைக்கிறீங்கள், கதைக்கிறீங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த ஓசை அவளுக்குப் போதுமாக இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று நானும் அந்த அடியை அந்தத் தகரக் குரலிலேயே பாடிக் காட்டினேன். மூன்றாம் முறை அவள் சரியாக இறங்கினாள். கையெழுத்து வந்ததும் தள்ளுகிறவர் சிங்களத்தில் “யமு, அக்கே”, போவோம் அக்கா, என்று அவளுடைய காலைத் தட்டினார். போகும்போது அவள் ஒன்று கேட்டாள்.

“நான் வாற நேரம் இருப்பீங்களோ?”

இருப்பேன் என்றேன். அன்று பத்து மணிக்கே எனக்குத் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார்கள். கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். கூட்டிப் போக வந்த கணவரிடம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் என் குரலைக் கேட்டு சுவரோரம் கிடந்த மர வாங்கில் அப்படியே உட்கார்ந்தார். சந்தோஷமா துக்கமா என்று அவருடைய முகத்தில் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு மணிபோல அவளைக் கொண்டுவந்தார்கள். நன்றாக விழித்த பிறகும் நர்ஸ் மிஸ் கேட்ட எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. தொண்டையைக் காட்டிக் கையை மட்டும் அசைத்தாள். என்னைக் கண்டதும் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நோவினால் அல்ல என்று எனக்குத் தெரியும், அந்த வார்ட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது.  காலையில் நான் என் குரலைக் கேட்டது போல இப்போது அவள் தன் குரலைக் கேட்கப்போகிறாள்.

அவளுடைய காதுக்கருகே குனிந்து பல்லவியை எடுத்தேன். கடைசி அடியில் இறங்கவில்லை. சனங்களைப் போல நேரே ஏறினேன். என் குரல் நடுவில் உடைந்து வெறும் காற்றாகப் போயிற்று. அந்த இடத்திலிருந்து அவள் பிடித்துக்கொண்டாள். மெல்லியதாக, ஆனால் ஒரு கீறல் இல்லாமல், காலையில் ட்ரொலியில் கேட்ட அதே குரல். பாடி முடித்துவிட்டு அழுதாள், நானும் அழுதேன். அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். அதே மூச்சில் பொறாமையும் பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எட்டு மாதமாகிறது. கட்டி கெட்டது அல்ல என்று முடிவு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் நான் சனங்களுக்கு நடுவில் நிற்கிறேன், அவள் வெள்ளவத்தையிலிருந்து வந்து பக்கத்தில் நிற்பாள். சரணத்தை வேறு ஒரு பிள்ளை நன்றாகப் பாடுகிறாள்.  பல்லவி வரும்போது ஒவ்வொரு முறையும், என் பழைய குரல் இன்றைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். இன்னும் வரவில்லை.