எனக்கும் சேர்த்துக் கேட்டவர்

தொண்ணூறுகளில் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் சேக்காட்டில், எனக்கு வேலை நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில். எங்களை அங்கே கொண்டுபோகும் ஹெலிகாப்டர் கிளம்புமுன் பாதுகாப்பு விளக்கம் சொல்வார்கள். நான் தூங்கிவிடுவேன். பூந்தமல்லிக்காரரான எங்கள் சமையல்கார பாய் மட்டும் ஒவ்வொரு முறையும் உன்னிப்பாகக் கேட்பார்.

"இன்னா பாய், பரீட்சை எழுதப் போறியா?" என்று எல்லோர் முன்னாலும் கிண்டலடிப்பேன்.

ஒருநாள் பாதி வழியில் எஞ்சின் நின்று, ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. உள்ளே தண்ணீர் ஏற, பதறிப்போய் லைஃப் ஜாக்கெட்டின் கயிற்றை இழுக்கப் போனேன். பாய் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இங்க இழுத்தா உப்பிக்கினு உன்னைக் கூரையோட அழுத்திடும். வெளிய போய் இழு, அண்ணாத்தே!"

மீட்புப் படகில் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ தூங்குவேன்னு தெரியும். அதான் உனக்கும் சேத்துக் கேட்டுக்கினேன்" என்றார்.

அதன்பின் நான் தூங்கியதில்லை. பக்கத்தில் எவனாவது தூங்கினால் கோபமும் வருவதில்லை. அவனுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்வேன்.